மலை காட்டிக்கொடுக்கும் நோய்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அருகே சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டின் உயரம் 1,500 மீட்டர் என்று சொல்வது வழக்கம்; ஏரிக்கரை அதைவிடச் சற்றுத் தாழ்வு, சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு 1,600ஐத் தாண்டிவிடும். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளில் தலைசுற்றி வாந்தி எடுப்பவர்கள் உண்டு. அது உள்காது படுத்தும் பாடு, இந்த அத்தியாயத்துக்கு வேண்டாத விஷயம். நமக்கு வேண்டியது, அதே பயணத்தில் யாரும் உணராமல் உடலுக்குள் நடக்கும் வேறு இரண்டு மாற்றங்கள்.

ஒன்று, குளிர் செய்யும் மாற்றம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அந்தக் கணக்கில் சேலத்தைவிட ஏற்காடு எட்டு டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும், இருக்கிறது. குளிர் பட்டதும் விரல்களில் உள்ள சிறு தமனிகள் சுருங்கி, உடலின் நடுப்பகுதிக்கு வெப்பத்தைச் சேமித்துக் கொடுக்கின்றன. மற்றொன்று, மெலிந்த காற்று செய்யும் மாற்றம். 1,500 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் சிறு தமனிகளும் சுருங்கும்.

ஆரோக்கியமான உடலுக்கு இரண்டுமே ஒரு பொருட்டல்ல. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சூடாக ஒரு காபி குடித்தால் தீர்ந்தது. ஆனால் ஒரு நோயில், விரலின் தமனியும் நுரையீரலின் தமனியும் ஏற்கெனவே பழுதாகியிருக்கும். அதற்கு சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர். ஸ்கிளிரோடெர்மா என்ற பழைய பெயரிலும், தமிழில் தோல் இறுக்க நோய் என்றும் சிலர் அறிந்திருப்பார்கள். லட்சத்தில் சிலருக்கு வருவது. அந்தச் சிலரில் பெரும்பாலோர் பெண்கள், அதுவும் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள். சேர்வராயன் மலை இந்த நோயை உண்டாக்குவதில்லை. சமவெளியின் வெயிலில் ஒளிந்திருந்ததை மலை காட்டிக்கொடுக்கிறது.

மலையில் காபி பழுக்கும் காலமும் குளிர் காலமும் ஒன்றுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்த நாளிலிருந்து, நவம்பர் தொடங்கி தை மாதம் முடியும்வரை அரபிகா பழம் பறிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் கையில். பனி இறங்கிய செடியில் வெறுங்கையால் பறிக்கும்போது விரல் மரத்துப்போவது எல்லோருக்கும் நடக்கும். சிலருக்கு அதோடு நிற்காது. விரலின் ஒரு பகுதி கோடு கிழித்தாற்போல வெளுக்கும், பிறகு நீலம் பாரிக்கும். அடுப்பருகே வந்ததும் சிவந்து, எரிச்சலோடு துடிக்கும். பாரிஸ் மருத்துவ மாணவர் மோரிஸ் ரேனாட் 1862இல் தம் ஆய்வேட்டில் விவரித்தது இதைத்தான். இன்றும் அவர் பெயரால் ரேனாட் நிகழ்வு என்கிறோம்.

பாரிஸில் எழுதப்பட்ட விவரணை நம் தோலுக்கு அப்படியே பொருந்தாது. மாநிறத்திலும் கறுப்பிலும் விரலின் முதுகுப்புறம் வெளுப்பது எளிதில் தெரியாது. உள்ளங்கைப் பக்கத்தையும் நகத்தின் அடியையும் பார்க்க வேண்டும். சாம்பல் பூத்த மாதிரி ஒரு நிறம் வரும், அதுதான் அந்த வெளுப்பு. “வெள்ளையாக ஆகிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்று பதில் வரும். “குளிரில் விரல் செத்துப்போகுதா?” என்று கேட்டால் “ஆமாம்” என்பார்கள். நோயைத் தவறவிடுவது பல நேரம் கேள்வியின் குற்றம்.

ரேனாட் இருப்பவர்கள் எல்லோருக்கும் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் வந்துவிடாது. மிகப் பெரும்பாலோருக்கு அது வெறும் தொந்தரவாகவே வாழ்நாள் முழுக்க இருந்துவிடும். பதின்பருவத்தில் தொடங்கி, இரு கைகளிலும் ஒரே மாதிரி வந்து, புண் எதுவும் உண்டாகாமல் போகும் வகை அது. முப்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினால், ஒரு விரல் மட்டும் கடுமையாக வலித்தால், நுனியில் சிறு புண்ணோ குழிந்த தழும்போ தெரிந்தால், அப்போது நகக்கண்ணைப் பார்க்க வேண்டும்.

நகக்கண்ணில்தான் நோயின் முதல் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. நகம் தோலோடு சேரும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தால், தந்துகிகள் எனும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் வரிசையாக, கொண்டை ஊசி வடிவில் தெரியும். தோல் மருத்துவர் வைத்திருக்கும் டெர்மாஸ்கோப் போதும். அதுவும் இல்லாத இடத்தில் கண் மருத்துவர் விழித்திரை பார்க்கும் கருவியே உதவும். மருதாணி இட்ட விரலில் சரியாகத் தெரியாது என்பதால், மோதிர விரலில் மட்டும் மருதாணி வைக்காமல் வரச் சொல்வது நல்லது. ஆரோக்கியமான வரிசை ஒழுங்காக இருக்கும். நோய் தொடங்கும்போது சில தந்துகிகள் பலமடங்கு வீங்கிப் பெருக்கும், அக்கம்பக்கத்தில் இரத்தம் புள்ளி புள்ளியாகக் கசிந்திருக்கும். பின்னால் அந்தக் குழாய்களே அழிந்து, இடையிடையே வெறும் திட்டுகள் மிஞ்சும். இத்தாலியின் ஜெனோவா நகரத்து மருத்துவர் மௌரிசியோ கூட்டோலோ 2000ஆம் ஆண்டில் இதை ஆரம்பம், தீவிரம், முற்றல் என்று மூன்று நிலைகளாகப் பிரித்தார்.

இந்த எளிய பரிசோதனைக்கு எவ்வளவு பலம் என்பதை கனடாவின் மாண்ட்ரியால் மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ரேனாட் மட்டுமே இருந்த 586 பேரை அவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் நகக்கண் தந்துகிகளும் இயல்பு, இந்நோய்க்கே உரிய தன்னெதிர்ப்பான்களும் இரத்தத்தில் இல்லை என்றிருந்தவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே நோய் வந்தது. தந்துகிக் கோளாறு, தன்னெதிர்ப்பான் இரண்டும் இருந்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு வந்தது. அதைவிட முக்கியம், எது முதலில் நடந்தது என்பது. தந்துகிகள் வீங்கியதும் அழிந்ததும் தோல் தடிப்பதற்கு முன்பே நடந்திருந்தன. பெயர் தோலின் பெயராக இருந்தாலும் நோய் தொடங்குவது இரத்தக் குழாயில்.

இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒரே ஒரு செல் தடிமனுக்கு ஒரு படலம் உண்டு. எண்டோதீலியம் என்பார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்வரை அதை வெறும் பூச்சு என்றுதான் பாடப்புத்தகங்கள் கருதின. இன்று தெரியும், அது ஓயாமல் இரசாயனம் சுரக்கும் ஓர் உறுப்பு. நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. அதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. புரோஸ்டாசைக்ளினைச் சுரந்து தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. இறுக்க வேண்டிய நேரத்தில் எண்டோதீலினைச் சுரக்கிறது. அறிந்த பொருள்களில் இரத்தக் குழாயை மிகக் கடுமையாக இறுக்குபவற்றில் ஒன்று அது. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் யானகிசாவாவும் மசாகியும் 1988இல் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸில் இந்தப் படலம் அடிபடுகிறது. தளர்த்தும் பொருள்கள் குறைகின்றன, எண்டோதீலின் கூடுகிறது. அடிபட்ட செல்கள் தம் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களை நீட்டி, போகிற வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்துகின்றன. அங்கேதான் அழற்சி தொடங்குகிறது. டி செல்கள், பி செல்கள், மேக்ரோஃபேஜ்கள் குழாயைச் சுற்றிக் கூடி, இன்டர்லூக்கின்-6 போன்ற தூதுப்பொருள்களைக் கொட்டுகின்றன. பி செல்கள் சொந்த உடலின் புரதங்களுக்கே எதிர்ப்பான்கள் தயாரிக்கின்றன. டிஜிஎஃப்-பீட்டா என்ற தூது போனதும் நார்த்திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் விழித்துக்கொள்கின்றன. காயத்தை ஆற்றிவிட்டு ஓய வேண்டிய அந்தச் செல்கள் ஓய்வதில்லை. கொலாஜனை நெய்துகொண்டே இருக்கின்றன. குழாயின் சுவர் உள்நோக்கித் தடித்து, வழி அடைபடுகிறது. திசுவுக்கு ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் இன்னும் வேகமாக நெய்யும். இப்படி ஒன்று மற்றொன்றைத் தூண்டும் சுழற்சி.

வெளியே தெரிவது கடைசிக் கட்டம். மோதிரம் ஏறாது, கழற்றவும் வராது. மாவு பிசைய விரல் மடங்காது. ஒரு கவளம் சோற்றுக்கு வாய் திறக்காது. நம் நாட்டு நோயாளிகளில் பலருக்கு நெற்றியிலும் மார்பிலும் கறுப்புக்கிடையே வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மருத்துவர்களே அதற்கு உப்பு-மிளகு நிறமாற்றம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதை வெண்புள்ளி நோய் என்று நினைத்து களிம்பு தடவிக்கொண்டு ஆண்டுகளைக் கழித்தவர்கள் உண்டு. அந்த ஆண்டுகளில் நோய் உள்ளே இதயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

இதயத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் ஒழுங்காக எழுதியவர்கள் அமெரிக்காவின் சோமா வைஸும் அவருடைய சகாக்களும். 1943இல் ஒன்பது நோயாளிகளை வைத்து, ஸ்கிளிரோடெர்மா இதய நோய் என்று தனியாக ஒன்று உண்டு என்றார்கள். இதயத் தசையில் திட்டுத்திட்டாகத் தழும்பு இருந்தது. மாரடைப்பால் வரும் தழும்பு ஒரு குறிப்பிட்ட தமனி பாயும் பகுதியில்தான் இருக்கும். இந்தத் தழும்போ எந்தத் தமனிக்கும் கட்டுப்படாமல் அங்கங்கே சிதறியிருந்தது. 1976இல் பெர்னடீன் பல்க்லியும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினரும் இறந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்தபோது புதிர் பாதி அவிழ்ந்தது. பெரிய கரோனரி தமனிகள் அடைப்பில்லாமல் திறந்திருந்தன. ஆனால் தசை நார்களில் காணப்பட்ட சேதம், இரத்தம் சிறிது நேரம் நின்று மறுபடி பாய்ந்தால் உண்டாகும் வகைச் சேதம். அதாவது இதயத்துக்குள்ளேயே சிறு குழாய்கள் சுருங்குவதும் விரிவதுமாக இருந்திருக்கின்றன. விரலில் நடக்கும் அதே ரேனாட், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

இதை உயிரோடு இருப்பவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். 1986இல் ஓர் ஆய்வில் நோயாளிகளின் உடலைக் குளிரவைத்துவிட்டு இதயத்தைப் படமெடுத்தபோது, தசையின் சில பகுதிகளுக்கு இரத்தம் போவது தற்காலிகமாகக் குறைந்தது தெரிந்தது. அதே ஆண்டு பாரிஸில் ஆந்த்ரே கஹான் குழுவினர் இருபது நோயாளிகளுக்கு நிஃபெடிபின் கொடுத்து, தாலியம் படத்தில் இரத்த ஓட்டம் மேம்பட்டதைக் காட்டினார்கள். நிஃபெடிபின் புதிய அதிசய மருந்து அல்ல. விரலின் ரேனாடுக்கு எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் மலிவு விலை மாத்திரை. விரலுக்குக் கொடுக்கும் மருந்து இதயத்துக்கும் சேர்த்து வேலை செய்ததில் வியக்க ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே நோயின் இரண்டு இடங்கள்.

இங்கேதான் ஆஞ்சியோகிராம் ஏமாற்றும். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அழுத்துகிறது என்று போகிறவருக்கு ஆஞ்சியோ எடுத்து, “அடைப்பு எதுவும் இல்லை, நல்லா இருக்கீங்க” என்று அனுப்பிவிடுவார்கள். அணை நிறைந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு கடைமடை வயலும் நனைந்திருக்கும் என்று முடிவு கட்டுவது எப்படியோ, இது அப்படி. பழுது கடைமடையில். ஆஞ்சியோவில் தெரிவது வாய்க்கால் மட்டும்தான். தசைக்குள் இருக்கும் வீக்கத்தையும் தழும்பையும் காட்ட இதய எம்ஆர்ஐ வேண்டும். மின்தடம் பாதிக்கப்பட்டால் துடிப்பு தப்பும். அதைப் பிடிக்க ஒரு நாள் முழுக்க உடலில் மாட்டிவைக்கும் ஹோல்டர் கருவி வேண்டும். இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. அதை எக்கோ காட்டிவிடும்.

சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் உயிரைப் பறிப்பது தோலால் அல்ல. ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பதிவேடான யூஸ்டார் 2010இல் 234 மரணங்களை அலசியது. நோயே நேரடிக் காரணம் என்று முடிவான 55 சதவீத மரணங்களில், 35 சதவீதம் நுரையீரல் தழும்பால், 26 சதவீதம் நுரையீரல் தமனியின் உயர் அழுத்தத்தால், இன்னொரு 26 சதவீதம் இதயத்தால். இரண்டு 26களையும் கூட்டினால் பாதிக்கு மேல் இரத்தக் குழாயும் இதயமும்தான்.

பெரிய தமனிகளும் முழுக்கத் தப்பிவிடுவதில்லை. இந்நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. கொழுப்பு மட்டும் காரணமாக இருந்தால் இது நடக்கக் கூடாது. இங்கே அழற்சி மறுபடி நுழைகிறது. தமனியில் படியும் கொழுப்பைத் தின்ன மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன. தின்று முடிக்க முடியாமல் அங்கேயே தங்கி அழற்சியை வளர்க்கின்றன. உடல் முழுக்க ஏற்கெனவே அழற்சி கனன்றுகொண்டிருப்பவருக்கு இந்த வேலை விரைவாக நடக்கும். கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தால் மாரடைப்பு குறையுமா என்று பால் ரிட்கரின் பாஸ்டன் குழு 10,061 பேரிடம் சோதித்து 2017இல் விடை சொன்னது. இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் ஊசியால், 150 மில்லிகிராம் அளவில், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. கொலஸ்ட்ரால் அளவு அசையவே இல்லை. ஆனால் உயிர்கொல்லும் தொற்றுகள் சற்றுக் கூடின. ஊசியின் விலையும் எட்டாத உயரம். கருத்து வென்றது, மருந்து வெல்லவில்லை.

அந்த இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் திறந்துவிடும் எச்சரிக்கை அமைப்பு ஒன்று செல்லுக்குள் இருக்கிறது. இன்ஃப்ளமசோம் என்று பெயர், 2002இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் யூர்க் ஷாப் குழு கண்டறிந்தது. மேக்ரோஃபேஜ் விழுங்கிய கொலஸ்ட்ரால் படிகம் இதைத் தூண்டும் என்று 2010இல் தெரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, சிலிக்கா தூள் இதைத் தூண்டும் என்று தெரிந்திருந்தது. சிலிக்கா என்றால் கல் தூள். இதுவரை குளிரையும் காற்றையும் பேசிக்கொண்டிருந்தோம்; இனி இந்த மலையின் கல்லைப் பேச வேண்டும்.

சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லறையை வைத்துத்தான் 1893இல் தாமஸ் ஹாலண்ட் பாறைக்குப் பெயர் சூட்டினார். நம் ஆட்களுக்கு அது கருங்கல். அதில் குவார்ட்ஸ் உண்டு, அதாவது வெங்கச்சங்கல்லின் பொருள். பல கோடி ஆண்டு மழையில் இந்தப் பாறை கரைந்து மலையுச்சியில் மிஞ்சியதே பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்துதான் ஒரு காலத்தில் வெட்டி இறக்கினார்கள். பாக்சைட்டில் சிலிக்கா கரைந்துபோயிருக்கும். அடிவாரத்து வெள்ளைக்கல் எனும் மேக்னசைட்டும் வேறு வகை. கவலைக்குரியது கருங்கல்லை உடைப்பதும் துளைப்பதும் அறுப்பதும் ஜல்லியாக அரைப்பதும்.

எடின்பரோ மருத்துவர் பைரம் பிராம்வெல் 1914இல் தாம் பார்த்த ஒன்பது ஸ்கிளிரோடெர்மா நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் ஐந்து பேர் கல்தச்சர்கள். 1957இல் எல்.டி. எராஸ்மஸ் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதே தொடர்பைக் கண்டார். சிலிக்கா தூளும் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸும் ஒருவரிடமே இருந்தால் இன்று எராஸ்மஸ் நோய்க்குறி என்கிறோம். இந்திய மருத்துவமனைகளிலும் கல் உடைப்பவர்களிடம் பதிவாகியிருக்கிறது. பெண்களின் நோய் என்று பெயர் வாங்கியது ஆண்களிடம் வரும்போது, “என்ன வேலை பார்க்கிறீங்க?” என்ற கேள்வி இரத்தப் பரிசோதனைக்கு முன்னால் வர வேண்டும். நுரையீரலுக்குள் போன குவார்ட்ஸ் தூளை மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது, கரைக்க முடியாமல் தானே வெடித்துச் சாகிறது. அது விட்ட தூளை அடுத்தது விழுங்குகிறது. எச்சரிக்கை மணி ஓய்வதே இல்லை. துளைக்கும்போது தண்ணீர் அடிப்பதும், தூளை உறிஞ்சும் கருவி வைப்பதும், ஒழுங்கான முகமூடி தருவதும் கல் தூளால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸுக்காக மட்டும் சொல்லப்படுகின்றன. இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம். கைக்குட்டை கட்டிக்கொள்வது எதற்கும் போதாது.

இனி நுரையீரல் தமனி. ஸ்டாக்ஹோமில் உல்ஃப் ஃபான் ஆய்லரும் யோரான் லில்யெஸ்ட்ராண்டும் 1946இல் பூனைகளிடம் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஆக்சிஜன் குறைந்தால் உடலின் மற்ற இடங்களில் குழாய்கள் விரியும், நுரையீரலில் மட்டும் சுருங்கும். காற்று சரியாகப் போகாத மூலைக்கு இரத்தத்தை அனுப்பாமல், காற்றுள்ள பக்கம் திருப்பிவிடும் ஏற்பாடு அது. ஆனால் மலையில் நுரையீரல் முழுக்கவே ஆக்சிஜன் குறைவு. எங்கே திருப்புவது? எல்லாக் குழாய்களும் சேர்ந்து கொஞ்சம் சுருங்க, வலது இதயம் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கிறது.

சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தத் தமனிகள் ஏற்கெனவே தடித்துக் குறுகியிருக்கும். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் ஓய்வில் 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் உயர் அழுத்தம் என்பது இன்றைய வரையறை. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தத்தில் இது தெரியாது. அங்கே 110/70 இருந்துகொண்டே இங்கே உயிருக்கு ஆபத்தாக இருக்கலாம். எக்கோ சந்தேகம் எழுப்பும், வலது இதயத்துக்குள் கதீட்டர் செலுத்தி அளந்தால்தான் உறுதியாகும். வலது கீழறை மெல்லிய சுவர் கொண்டது. குறைந்த அழுத்தத்துக்கென்று அமைந்தது. சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து, பிறகு விரிந்து தளர்ந்துவிடும். முதல் அறிகுறி, ஏற்றத்தில் மூச்சு வாங்குவது. வயது, எடை, இரத்தசோகை என்று காரணம் சொல்லிக் கடந்துவிட மிக எளிதான அறிகுறி. மேடும் பள்ளமுமான ஊரில் வாழ்பவர் சமவெளிக்காரரைவிட முன்னதாகவே அதை உணர்ந்துவிடுவார் என்பதுதான் ஒரே ஆறுதல்.

நுரையீரல் உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு ஐரோப்பிய இதய, நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் 1,500 முதல் 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் போவதைத் தவிர்க்கச் சொன்னது. ஏற்காடு அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் இரண்டும் கோட்டைத் தாண்டியவை.

“கொஞ்ச நாள் மலையில் இருந்துவிட்டு வந்தால் உடம்பு தேறும்” என்ற அறிவுரை நமக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சீதனம். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஓவியர் பால் க்ளேயையும் அப்படித்தான் அனுப்பினார்கள். 1935இல் நோய்வாய்ப்பட்ட அவர், 1936இல் ஓய்வுக்காக சுவிட்சர்லாந்தின் மொந்தானாவுக்குப் போனார். அந்த ஊரின் உயரமும் சுமார் 1,500 மீட்டர். அந்த ஆண்டு அவர் வரைந்தவை ஏறத்தாழ 25 மட்டும். பிறகு, இறுகிக்கொண்டிருந்த உடலோடு, 1939 ஒரே ஆண்டில் 1,253 படைப்புகள். 1940 ஜூன் 29 அன்று இறந்தார். ஸ்கிளிரோடெர்மா என்ற முடிவு அவர் காலத்துக்குப் பிறகே வந்தது. மலைக்காற்று அவரைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். அதில் நன்மை ஏதும் இருந்திருக்க வாய்ப்பில்லை என்று மட்டும் சொல்லலாம்.

சிகிச்சையில் முதலில் சொல்ல வேண்டியது, செய்யக் கூடாத ஒன்று. அழற்சி என்றாலே ஸ்டீராய்டு என்ற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மூட்டு வலிக்கு வைத்தியர் தரும் பொடியிலும் சில நேரம் அது கலந்திருக்கும். இந்த நோயில் நாளொன்றுக்கு 15 மில்லிகிராமும் அதற்கு மேலும் பிரட்னிசலோன் எடுத்தவர்களிடம், சிறுநீரகத்தின் சிறு தமனிகள் திடீரென்று இறுகி இரத்த அழுத்தம் எகிறும் நெருக்கடி கூடுதலாக வந்தது. ஒரு காலத்தில் அந்த நெருக்கடி வந்தவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 15 சதவீதம்தான். கேப்டோபிரில் வகை மாத்திரைகள் வந்த பிறகு அது 76 சதவீதமானது என்று 1990இல் வர்ஜீனியா ஸ்டீன் எழுதினார். பிரஷர் மாத்திரை ஒன்று ஒரு மரண தண்டனையைத் திருத்தி எழுதியது. நோயில் அழற்சிக்குப் பங்கு இருந்தாலும், இங்கே உயிர் பிழைக்க வைத்தது குழாயைத் தளர்த்திய மருந்து. அதேபோல ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் விரலின் ரேனாடை மோசமாக்கும். இதயப் படபடப்புக்கு அதை எழுதுகிற மருத்துவரிடம், குளிரில் விரல் வெளுக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பீடி, சிகரெட் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. காபியைக் குறைக்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. அதற்கான சான்று வலுவற்றது. ஏற்காட்டில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நுரையீரல் தமனிக்கு மூன்று வாசல்களில் மருந்து உண்டு: எண்டோதீலினைத் தடுக்கும் போசென்டன், நைட்ரிக் ஆக்சைடின் வேலையை நீட்டிக்கும் சில்டெனாஃபில், புரோஸ்டாசைக்ளின் வகைகள். வயாகரா என்ற பெயரில் ஊரறிந்த சில்டெனாஃபில் இங்கே வேறு அளவில், வேறு காரணத்துக்காக, பெண்களுக்கும் எழுதப்படுகிறது. மருந்துக்கடையில் கூச்சப்பட்டு வாங்காமல் திரும்பி வராதிருக்க இதை முன்பே விளக்கிவிட வேண்டும். அழற்சியை நேரடியாகப் பிடிக்க மைக்கோஃபெனலேட், பி செல்களை அழிக்கும் ரிடுக்சிமாப், இன்டர்லூக்கின்-6 பாதையை மூடும் டோசிலிசுமாப். கடைசியானதை இந்நோயின் நுரையீரல் பாதிப்புக்கு அமெரிக்கா 2021இல் அனுமதித்தது. இவை எல்லாம் தழும்பு விழுவதற்கு முன்பு வேலை செய்பவை. விழுந்த தழும்பைக் கரைக்கும் மருந்து இன்னும் இல்லை. நகக்கண்ணை முன்கூட்டியே பார்ப்பதன் அவசரம் இதனால்தான்.

சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சிஎம்சியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கான தனித்துறைகள் இருக்கின்றன. நோய் உறுதியானவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ, நுரையீரல் வாயுக்களைக் கடத்தும் திறனை அளக்கும் டிஎல்சிஓ, இதயத்தின் இழுவிசையைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி இரத்தப் பரிசோதனை, ஈசிஜி. மூச்சு வாங்கவில்லை என்றாலும் செய்ய வேண்டும். டிஎல்சிஓ மட்டும் தனியாகக் குறைந்துகொண்டே போய், நுரையீரலின் கொள்ளளவு அப்படியே இருந்தால் தமனியைச் சந்தேகிப்பார்கள். அந்த நிலையில் இருக்கும் ஒருவர் கோடை விழாவுக்கு ஏற்காடு போகலாமா என்று கேட்டால், கதீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். அழுத்தம் இயல்பு என்றால் கையுறையும் கம்பளிக் காலுறையும் எடுத்துக்கொண்டு போகலாம். உயர்ந்திருந்தால் மருத்துவரிடம் ஆக்சிஜன் பற்றிப் பேசிவிட்டுப் போக வேண்டும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இந்தத் தெரிவு கிடையாது. அவரைக் கீழே குடியேறச் சொல்வது எளிது, காட்டையும் காபியையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு அது மருந்தைவிடச் செலவு. அவருக்கு முதலில் தேவை, ஏற்காட்டிலேயே நகக்கண்ணைப் பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவரும் ஒரு சொட்டு எண்ணெயும்.